றொண்டோவில் அழகாக ஆடுகிற பிள்ளைகள் மேட்சில் ஏன் தூக்கி அடிக்கிறார்கள்?

கேள்வி: 2024 மே 19

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கழகத்தில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். கிழமையில் மூன்று நாள் றொண்டோ செய்கிறோம். சுற்றிவர நிற்கிற நாலு பேர் பாஸ் கொடுப்பார்கள், நடுவில் நிற்கிற இரண்டு பேர் பறிக்கப் பார்ப்பார்கள். பத்து, பதினைந்து பாஸ் தவறாமல் போகும், பார்க்க ஆசையாக இருக்கும். சனிக்கிழமை மேட்ச் என்று வந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே எல்லாம் போய்விடும். கிடைத்த பந்தைப் பார்க்காமலே முன்னுக்குத் தூக்கி அடிக்கிறார்கள். மைதானமும் மேடு பள்ளம், சோளகக் காற்றும் தொடங்கிவிட்டது. எங்கட பக்கத்துக்குக் குறும்பாஸ் ஆட்டம் சரிவராது என்று கழகத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அண்ணைமார் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: 2024 மே 19, இரவு

தம்பி, மைதானத்தையும் காற்றையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்த வட்டத்தைப் பாருங்கள். வட்டத்தில் நிற்கிற பிள்ளைக்குப் பந்தைக் கொண்டுபோகவேண்டிய இடம் என்று ஒன்று இல்லை. இடப்பக்கம் போனாலும் சரி, வலப்பக்கம் போனாலும் சரி, பறிபடாமல் இருந்தால் போதும். பறிபட்டாலும் என்ன நடக்கிறது? பிழைவிட்டவன் சிரித்துக்கொண்டு நடுவுக்குப் போகிறான், நடுவில் நின்றவன் வெளியே வருகிறான், எல்லாரும் ஒரு மூச்சு விடுகிறார்கள். மேட்சில் பந்து பறிபட்டால் அடுத்த நாலைந்து செக்கனில் எதிரணி உங்கள் கோல் வாசலில் நிற்கும். அந்தப் பயம் வட்டத்துக்குள் இல்லை. பயத்துக்குள் பாஸ் கொடுத்துப் பழகாத பிள்ளை, பயம் வந்ததும் சின்ன வயதில் இருந்து தெரிந்த வேலையைத்தான் செய்யும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: பயிற்சி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கு ஒரு திசை வேண்டும், பந்து பறிபட்டால் அதற்கு ஒரு விலை வேண்டும். இரண்டும் இல்லாத றொண்டோ உடம்பைச் சூடாக்க நல்லது, அவ்வளவுதான்.

2024 மே 20

றொண்டோவுக்குச் சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நாலுக்கு இரண்டு என்றால் 16 வயதுக்காரருக்கு 8 மீற்றர் சதுரம். 13, 14 வயதென்றால் 10 மீற்றர். நாடா தேவையில்லை, ஒரு நீட்டு எட்டை ஒரு மீற்றர் என்று வையுங்கள். கோன் இல்லாவிட்டால் தண்ணிப் போத்தலைப் பாதியாக வெட்டி மண் போட்டு நடலாம்.

2024 மே 23

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து எங்கள் பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். நேற்றுப் பின்னேரம் செய்ததை அப்படியே எழுதுகிறேன், செய்து பாருங்கள்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுரம், ஒவ்வொன்றும் 10 மீற்றர். இடையில் 3 மீற்றர் வெறும் நிலம். எட்டுப் பேர், இரண்டு அணி. சிவப்பு நாலு பேரும் முதல் சதுரத்தில் பந்தோடு நிற்பார்கள். நீலத்தில் இரண்டு பேர் அங்கே போய்ப் பறிக்க வேண்டும், மற்ற இரண்டு பேர் அடுத்த சதுரத்தில் காத்து நிற்க வேண்டும். நீலம் பறித்துவிட்டால் உடனே பந்தை அடுத்த சதுரத்தில் நிற்கிற தன் ஆட்களுக்கு அனுப்பிவிட்டுத் தாங்களும் ஓடிப்போய்ச் சேர வேண்டும். இப்போது அங்கே நீலம் நாலு பேர். சிவப்பில் இரண்டு பேர் துரத்திக்கொண்டு போய்ப் பறிக்க வேண்டும். இப்படியே மாறி மாறி.

பறித்தவனுக்கு இதில் ஒரு திசை இருக்கிறது: அடுத்த சதுரம். இழந்தவனுக்கு ஒரு விலை இருக்கிறது: ஓட்டம். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் ஒன்றைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். பந்து பறிபட்ட அந்த நொடியிலேயே அந்த முதல் பாஸை மறித்துவிட்டால் வெயிலுக்குள் அடுத்த சதுரத்துக்கு ஓடத் தேவையில்லை. நான் வாய் திறக்க முதலே நேற்று ஒருவன் மற்றவனைப் பார்த்துக் கத்தினான்: "நில்லாத, இங்கயே மறி!"

குவார்டியோலா பயிற்றுவித்த பார்சிலோனா (2008 முதல் 2012 வரை) பந்தை இழந்த இடத்திலேயே மொய்த்துப் பறித்ததைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அவர்கள் பாஸுக்காக ஏற்கனவே ஒருவருக்கொருவர் கிட்ட நின்றார்கள், அதனால்தான் பறிக்கவும் கிட்ட நின்றார்கள். நாற்பது மீற்றர் தூக்கி அடிக்கிற அணியால் அப்படிப் பறிக்க ஏலாது, ஆட்கள் அங்கே இருக்கமாட்டார்கள். குறும்பாஸ் பழக்குகிறவர் பறிக்கிற இந்தப் பாதியையும் சேர்த்தே பழக்க வேண்டும்.

2024 யூன் 2

சோளகம் பற்றி. மாங்குளத்தில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், காற்றோடு தூக்கி அடித்தால் கோல் தானே, எதற்குக் குறும்பாஸ் என்று.

நான் நேரெதிராக நினைக்கிறேன். சோளகம் வீசுகிற மாதங்களில்தான் எங்களுக்குத் தரைப்பந்து கட்டாயம். காற்றோடு ஆடுகிற பாதியில் தூக்கி அடித்த பந்து உங்கள் முன் ஆட்டக்காரனைத் தாண்டி, கோல் கோட்டையும் தாண்டி, வேலிக்குள் போய்த்தான் நிற்கும். அதை எடுத்து வருவதிலேயே உங்கள் நல்ல பாதி கழிந்துவிடும். காற்றை எதிர்த்து ஆடுகிற பாதியில் கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டாது. மேலே எழும்பி, வேகம் செத்து, எதிரணியின் தலையில் விழும். போன வருடம் ஒரு பெடியன் இடைவேளையில் வந்து, "சேர், சோளகம் அவங்கட டீமில விளையாடுது" என்றான். எல்லாரும் சிரித்தோம், ஆனால் அவன் சொன்னது சரி. இரண்டாம் பாதியில் பக்கம் மாறினால் சோளகமும் எங்கள் பக்கம் வரும் என்று நினைத்தான். வந்தது, பந்தை வேலிக்குத்தான் கொண்டுபோனது. தரையோடு ஓடுகிற பந்தைக் காற்று அவ்வளவு அசைக்காது.

கோல் கிக்குக்கு ஒரு வழி இருக்கிறது, எங்கட பக்கத்தில் பல கழகங்கள் அதைப் பாவிப்பதில்லை. 2019இல் விதி மாறியது. அதற்கு முன் கோல் கிக் பந்து தண்டப் பரப்பை (பெனால்டி பெட்டியை) விட்டு வெளியே போனால்தான் ஆட்டத்தில் சேரும். இப்போது உதைத்து அசைந்தாலே போதும், சொந்த அணிக்காரர் பரப்புக்குள்ளேயே நின்று வாங்கலாம். எதிரணி வெளியேதான் நிற்க வேண்டும். காற்றை எதிர்த்து ஆடுகிற பாதியில் இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் கோல்கீப்பர் காலால் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். 1992இல் சொந்த அணிக்காரர் காலால் கொடுத்த பின்பாஸைக் கோல்கீப்பர் கையால் எடுப்பதைத் தடை செய்த நாளில் இருந்தே அந்தத் தேவை இருக்கிறது. நாங்கள் இன்னும் ஓட ஏலாத பெடியனைத்தான் கோலுக்குள் விடுகிறோம். என் பயிற்சியில் கோல்கீப்பர் றொண்டோவுக்குள் கட்டாயம் நிற்பார், கையுறை இல்லாமல்.

2024 யூன் 16

நேற்று இரவு யூரோ கிண்ணத்தில் ஸ்பெயின்–குரோஷியா ஆட்டம் பார்த்தீர்களா? ஸ்பெயின் 3–0. பந்தை அதிக நேரம் வைத்திருந்தது குரோஷியா. முக்கிய போட்டி ஒன்றில் ஸ்பெயின் எதிரணியைவிடக் குறைவாகப் பந்தை வைத்திருந்தது 2008 யூரோ இறுதியாட்டத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

இதைக் காட்டிக் குறும்பாஸ் செத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் நாளைக்கு வருவார்கள். என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. 2018 உலகக் கிண்ணத்தில் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கு மேல் பாஸ் கொடுத்தது. கிடைத்த ஒரு கோலும் ரஷ்யர் தங்கள் வலைக்குள் போட்டது, கடைசியில் தண்ட உதையில் தோற்றது. 2022 உலகக் கிண்ணத்தில் மொறோக்கோவுக்கு எதிராகவும் ஆயிரத்துக்கு மேல், கோல் இல்லை, தண்ட உதையில் ஒன்றுகூடப் போகவில்லை. நீங்கள் எழுதிய அந்த வட்டம் 105 மீற்றர் மைதானத்தில் நடந்தது. திசை இல்லாவிட்டால் உலகத்தில் நல்ல கால்களுக்கும் அதுதான் கதி.

பயிற்சியில் பாஸை எண்ணிப் புள்ளி கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். ஐந்து பாஸுக்கு ஒரு புள்ளி என்றால் பிள்ளை ஐந்தாவது பாஸுக்காக ஆடும். கிட்ட நிற்கிறவனுக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, திரும்பக் கொடுத்து எண்ணிக்கையை நிரப்பும். இப்போது எங்களிடம் புள்ளி ஒன்றுக்குத்தான்: எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவால் போய், அவர்களுக்குப் பின்னால் நிற்கிற ஆளிடம் சேர்ந்த பாஸுக்கு.

2024 யூன் 21

மேடு பள்ளம் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன் என்று தம்பி நினைவுபடுத்துகிறார்.

எங்கள் மைதானமும் அப்படித்தான். மழைக்குள் மாடு நடந்த குளம்படிகள் காய்ந்து கல்லாகிவிடும். அதற்குள் பந்து எப்படிப் போகும் என்று முட்டிபோட்டு இருந்து பார்த்தால் விளங்கும். மெதுவாகத் தட்டிய பந்து ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறி, வாங்குகிறவனின் காலடிக்கு வரும்போது முழங்காலுக்குத் துள்ளும். உள்பாதத்தால் பந்தின் நடுவில் உரமாக அடித்த பந்து குழிகளைத் தொட்டுத் தாண்டி வரும். எங்கட பிள்ளைகள் குறும்பாஸ் என்றால் மெல்லத் தட்டுவது என்று நினைக்கிறார்கள். தூரம்தான் குறைவு, அடி குறையக் கூடாது.

வாங்குகிற கால்: பாதத்தைத் தரையில் ஊன்றி வைத்துக் காத்திருந்தால் துள்ளுகிற பந்து மேலால் போய்விடும். குதியைக் கொஞ்சம் உயர்த்தி, உள்பாதத்தைப் பந்தின் நடு உயரத்தில் பிடித்து, பந்துக்கு ஓர் எட்டு முன்னால் போக வேண்டும். அந்த ஓர் எட்டில் இரண்டு குழி குறைகிறது. பிறகு பந்து பட்டதும் காலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

பந்தின் காற்றையும் பாருங்கள். விதியில் 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கலாம். கல்லுப் போல் அடித்து வைத்த பந்து எங்கட தரையில் தவளை மாதிரித் துள்ளும். கீழ் எல்லைக்குக் கிட்ட வையுங்கள்.

பயிற்சிக்கு முன் எல்லாரும் வரிசையாக நடந்து கல்லும் நெருஞ்சியும் பொறுக்குவோம். வெறுங்காலோடு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நெருஞ்சி குத்திய பிள்ளை அன்று முழுக்கத் தரையைத்தான் பார்க்கும், நிமிராது. நிமிராத பிள்ளைக்கு என்ன பழக்க முடியும்?

2024 யூன் 23

பந்தின் காற்றைக் குறைப்பது பயிற்சிக்குத்தான். மேட்சில் நடுவர் தருகிற பந்தைத்தான் ஆட வேண்டும், அதனால் மேட்சுக்கு முந்திய பயிற்சியில் இறுக்கமான பந்தையே கொடுங்கள்.

2024 யூலை 2

துணுக்காயில் இருந்து ஓர் அண்ணை கோபமாக எழுதியிருக்கிறார். றொண்டோவை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட்டேனாம். அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது. மே மாதம் எழுதியதை இன்று இன்னும் விரித்து எழுத வேண்டும்.

1970களில் லவுறியானோ றுயிஸ் என்ற பயிற்றுநர் பார்சிலோனாவின் இளையோர் அணிகளுக்குள் றொண்டோவைக் கொண்டுவந்தார். பருமனும் உயரமும் பார்த்துப் பிள்ளை எடுத்த காலம் அது. 1988இல் குரூய்ஃப் பயிற்றுநராக வந்த பிறகு அது முழுக் கழகத்தின் அன்றாட வேலையானது. 11 வயதில் அங்கே போய்ச் சேர்ந்த சவியும், 12 வயதில் போய்ச் சேர்ந்த இனியஸ்ராவும் அதற்குள் வளர்ந்த நடு ஆட்டக்காரர்கள். இரண்டு பேரும் உயரமானவர்கள் இல்லை. எங்கட பக்கத்துப் பெடியள் பெரும்பாலும் மெலிந்தவர்கள், சின்னவர்கள். வெளி மாவட்டத்துக்கு ஆடப் போனால் தோளால் தள்ளி விழுத்திவிடுகிறார்கள். தோளுக்கு முன் பந்து போய்விட்டால் தள்ள என்ன இருக்கிறது? அண்ணைக்கு என் பதில் இதுதான்: எங்களுக்கு இந்த ஆட்டம் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

ஆனால் அங்கேயும் வட்டம் ஒன்றுதான் பயிற்சி என்று இருக்கவில்லை. அதிலிருந்து கட்டம், கட்டத்திலிருந்து கோல் உள்ள விளையாட்டு, பிறகு முழு மைதானம். நாங்கள் முதல் படியைப் படம் பார்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டோம். வட்டத்துக்கும் ஒரு திசை கொடுக்கலாம், அதை அன்றே எழுதியிருக்கலாம். நாலு பேரில் ஒருவரிடம் இருந்து அவருக்கு எதிரே நிற்கிறவருக்கு நடுவால் பந்து போனால் மட்டும் புள்ளி. பக்கத்தால் போகிற பாஸ் அதற்கான ஆயத்தம். இந்த ஒரு மாற்றத்தோடு அதே வட்டம் வேறு விளையாட்டாகிவிடும்.

2024 யூலை 15

நித்திரை இல்லை. யூரோ இறுதியாட்டம் எங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. ஸ்பெயின் 2, இங்கிலாந்து 1. ஏழு ஆட்டமும் வென்று கிண்ணம். ஞாயிறு இறுதியாட்டம், சனிதான் ஸ்பெயினின் லமின் யமாலுக்கு 17 வயது முடிந்தது. அவர் கொடுத்த பந்தில்தான் நிக்கோ வில்லியம்ஸ் முதல் கோலை அடித்தார்.

ஸ்பெயின் வென்ற 2010 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை இந்தப் பக்கம் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து ஜெனரேற்றர் ஓடவிட்டுப் பார்த்தவர்கள் இந்த இழையிலும் இருப்பார்கள். அதுவும் நள்ளிரவு ஆட்டம். மேலதிக நேரத்தில், 116ஆவது நிமிடத்தில் இனியஸ்ரா அடிக்கும்வரை எண்ணெய் தாக்குப்பிடித்தது. அந்த அணி ஏழு ஆட்டத்தில் அடித்தது வெறும் எட்டுக் கோல், நொக் அவுட் ஆட்டங்கள் நாலும் 1–0. பந்தை வைத்திருந்து எதிரணியின் மூச்சை அடக்கிய அணி அது. நேற்று வென்ற அணியும் அதே பள்ளியில் வந்தது, ஆனால் கோட்டோரத்தில் நின்று பந்தோடு ஆளை வெட்டிப் போகிற இரண்டு பிள்ளைகளுக்காகப் பாஸ் கொடுத்தது.

இதைப் பார்த்தபின் என் பயிற்சியைப் பற்றி யோசித்துக்கொண்டு இருக்கிறேன். என் கட்டங்களில் ஆளை வெட்டிப் போகிற பிள்ளைக்கு இடம் இருக்கிறதா? முல்லைத்தீவுக் கரையில் இருந்து வருகிற ஒரு பெடியன், கடற்கரை மணலில் ஆடிப் பழகியவன், இரண்டு பேரை நின்ற இடத்தில் வெட்டுவான். கட்டத்துக்குள் அவன் மங்கிப்போகிறான், ஏனென்றால் ஓராளுக்கு இரண்டு தொடுகைதான் அனுமதி, அதற்குள் பந்தைக் கொடுத்துவிட வேண்டும்.

2024 யூலை 28

அந்த இரண்டு தொடுகை விஷயம். பல நாள் யோசித்தபின் எழுதுகிறேன்.

இரண்டு தொடுகை என்று கட்டுப்படுத்தினால் ஆட்டம் வேகமாக ஓடும், பார்க்கிற எங்களுக்குத் திருப்தி. ஆனால் பிள்ளையின் முடிவை நாங்கள் எடுத்துவிடுகிறோம். முன்னால் யாரும் இல்லாதபோது பந்தோடு போகவேண்டியவன்கூட விதிக்காகப் பாஸ் கொடுக்கிறான். எதிரணியும் அதைத் தெரிந்துகொண்டு ஆளை விட்டுவிட்டுப் பாஸை மட்டும் மறிக்கிறது. மேட்சில் எந்த நடுவரும் தொடுகை எண்ணுவதில்லை.

இப்போது நான் தொடுகையை விட்டுவிட்டு இடத்தைக் கட்டுப்படுத்துகிறேன். நடுக்கட்டம் நெருக்கமாக இருந்தால் பிள்ளை தானாகவே விரைவாகக் கொடுக்கும். இரண்டு ஓரத்திலும் 4 மீற்றர் அகலத்தில் ஒரு பாதை விட்டிருக்கிறேன். அதற்குள் ஒருவருக்கு ஒருவர்தான், எத்தனை தொடுகையும் எடுக்கலாம். மணல்கரைப் பெடியனை அங்கே விட்டேன். இப்போது மற்றவர்கள் நடுவில் பாஸ் கொடுப்பதே அவனைத் தனியாக விடுவதற்காக. ஒரு பக்க வாய்க்காலை அடைத்து மற்றப் பக்கம் தண்ணி திருப்புகிற வேலைதான் இது. இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படிச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். இடப்பக்கம் பாஸ் கொடுத்து எதிரணியை அங்கே சேர்த்து, வலப்பக்கம் திறந்துவிடுவது.

எட்டு ஒன்பது வயதுச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு தொடுகை, இரண்டு தொடுகை என்ற பேச்சே வேண்டாம். அவர்கள் பந்தோடு ஓடட்டும்.

2024 ஓகஸ்ட் 11

பெண்பிள்ளைகள் அணிக்கு வேறு பயிற்சியா என்று கேட்கிறார்கள். ஒரே பயிற்சிதான். எங்கள் பிள்ளைகளில் திரும்பிப் பார்க்கிற பழக்கத்தை ஒழுங்காகப் பிடித்தவர்கள் அவர்கள்தான்.

திரும்பிப் பார்ப்பது என்றால்: பந்து தன்னிடம் வருவதற்கு முன் தோளுக்கு மேலால் பின்னுக்கு ஒரு பார்வை. இது இல்லாவிட்டால் குறும்பாஸ் இல்லை, நான் அவ்வளவு உறுதியாகச் சொல்வேன். காலை எவ்வளவும் பழக்கலாம், பந்து வந்த பிறகு யோசிக்கத் தொடங்கிற பிள்ளைக்கு அழுத்தத்துக்குள் ஒரு வழிதான் தெரியும்.

எப்படிப் பழக்குவது? "திரும்பிப் பார்" என்று கத்தினால் தலை மட்டும் ஆடும், கண் எதையும் எடுக்காது. நான் வாங்குகிற பிள்ளைக்குப் பின்னால் நின்று விரல் காட்டுவேன். பந்து வந்து சேருமுன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். பிறகு விரலுக்குப் பதிலாக ஓர் எதிர் ஆட்டக்காரி. அவள் நெருங்கி வந்தால் வந்த வழியே கொடு, வராவிட்டால் திரும்பு.

பின்வரிசையின் நடுவில் (நடு பக்) ஆடுகிற ஒரு பிள்ளை இருக்கிறாள். கோல்கீப்பர் பந்தைக் காலில் எடுத்ததும் அவள் வலத்தோளுக்கு மேலால் பார்ப்பாள், பிறகு இடது பாதத்தைக் கோட்டுக்குச் சமாந்தரமாகத் திருப்பி வைப்பாள். பந்து அவளுடைய கிட்டக் காலைத் தாண்டித் தூரக் காலுக்கு வரும். பட்ட அந்த முதல் தொடுகையிலேயே மைதானம் முழுக்க முன்னால் திறந்திருக்கும். பின்னால் துரத்தி வந்தவள் வெறும் புழுதியில் நிற்பாள். இதை நான் சொல்லிக்கொடுத்தது பாதி, மற்றப் பாதி அவளாகக் கண்டது.

2024 ஓகஸ்ட் 26

போன கிழமை ஓரிடத்தில் அணிக்கு ஏழு பேர் கொண்ட மின்னொளிச் சுற்றுப்போட்டிக்குப் போனோம். எங்கட பக்கத்தில் உண்மையான உதைபந்தாட்டம் இதுதான், பதினொரு பேர் ஆட்டம் லீக்கிலும் பாடசாலைப் போட்டியிலும்தான். முதல் ஆட்டத்தில் கோல்கீப்பர் காலால் தொடங்கினார், இரண்டாவது பாஸ் பறிபட்டது, கோல். கோட்டுக்கு வெளியே இருந்து ஒரே சத்தம், "அடிச்சு வெளியில தள்ளடா!" என்று. கத்தியவர்கள் பிள்ளைகளின் தகப்பன்மாரும் மாமன்மாரும்தான். அடுத்த கோல் கிக்குக்குக் கோல்கீப்பர் என்னைப் பார்த்தார். திரும்பவும் காலால் தொடங்கச் சொன்னேன். அந்த ஆட்டம் தோற்றோம், மற்ற இரண்டும் வென்றோம். பிள்ளையின் துணிவு ஒரு சத்தத்தில் போய்விடும். திரும்பக் கொண்டுவர மாதக்கணக்கு வேண்டும். பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இந்தப் பருவத்தில் இப்படி ஒரு கோல் வாங்குவோம், அப்போது கத்தாதீர்கள்.

அந்த மின்னொளியில் இன்னொன்று பிடிபட்டது. 60க்கு 40 மீற்றர் மைதானத்தில் பதினாலு பேர் என்றால் ஓராளுக்கு 170 சதுர மீற்றர் வருகிறது. 105க்கு 68 மைதானத்தில் 22 பேருக்கு ஏறக்குறைய 325. எங்கள் இரண்டு சதுரப் பயிற்சியில் பந்து நிற்கிற சதுரத்தில் ஆறு பேர், ஓராளுக்கு 17 கூட இல்லை. அவ்வளவு நெருக்கத்தில் பழகிய பிள்ளைக்குத் திடீரென்று வெளி கிடைத்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. 10 மீற்றருக்கு மேல் தரைப்பாஸ் கொடுத்துப் பழகவே இல்லை! 20 மீற்றர் பாஸ் தேவைப்பட்ட இடத்தில் கால் தானாகவே பந்துக்குக் கீழே போய்த் தூக்குகிறது. தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். அவர்கள் தூக்கி அடிப்பதில் ஒரு பங்கு பயம், இன்னொரு பங்கு கட்டத்தின் அளவு.

சின்னக் கட்டத்தில் இருந்து நேரே மேட்சுக்குப் போகாதீர்கள். இடையில் 45க்கு 30 மீற்றரில் ஏழுக்கு ஏழு ஆடவிடுங்கள், ஓராளுக்கு 100 சதுர மீற்றர் அளவில். கிழமையில் ஒரு நாள் கட்டாயம்.

2024 செப்டெம்பர் 15

தம்பி எழுதியிருக்கிறார், இரண்டு சதுர விளையாட்டு நன்றாகப் போகிறதாம், மேட்சிலும் பந்து தரையில் நிற்கிறதாம், ஆனால் நடுக்கோட்டைத் தாண்டவில்லையாம். சந்தோஷம். இனி மூன்றாவது ஆள்.

உங்கள் பக் பந்தை நடு ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிறார். அவனுக்குப் பின்னால் ஆள் ஒட்டி நிற்கிறது, திரும்ப ஏலாது. எங்கட பிள்ளைகள் அந்த இடத்தில் திரும்பப் பார்த்து இழக்கிறார்கள், அல்லது பக்குக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். திருப்பிக் கொடுக்காமல், பக்கவாட்டில் இருந்து ஓடிவருகிற மூன்றாவது ஆளின் காலில் வைக்க வேண்டும். அவருக்கு மைதானம் முன்னால் தெரியும். இதில் முக்கியம், மூன்றாவது ஆள் ஓடத் தொடங்கவேண்டிய நேரம்: பக் பந்தைக் கொடுக்கிற நேரம். நடு ஆட்டக்காரனுக்குப் பந்து சேர்ந்த பிறகு ஓடினால் பிந்திவிடும்.

இதற்குப் பயிற்சி: 20க்கு 14 மீற்றர் நீள்சதுரம். நாலுக்கு நாலு, அதோடு எந்தப் பக்கமும் சாராத மூன்று பேர், இரண்டு முனையில் ஒவ்வொருவர், நடுவில் ஒருவர். பந்து வைத்திருக்கிற அணிக்கு இவர்கள் மூன்று பேரும் சேர்வார்கள், அதாவது ஏழுக்கு நாலு. ஒரு முனையில் இருந்து மற்ற முனைக்குப் பந்தைச் சேர்த்தால் புள்ளி. நேரே கொடுத்தால் ஒன்று, நடு ஆள் வழியாக மூன்றாவது ஆள் மூலம் சேர்த்தால் இரண்டு. நடுவில் நிற்கிற சாராத ஆளாக உங்கள் மிகச் சிறந்த பிள்ளையைப் போடாதீர்கள், அவரே எல்லாம் செய்துவிடுவார். திரும்பிப் பார்க்கப் பயப்படுகிற பிள்ளையைப் போடுங்கள்.

நாலு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு. இந்த வெயிலுக்கு அதற்கு மேல் போனால் கால் மட்டும்தான் ஓடும், தலை ஓடாது. தண்ணி கட்டாயம்.

2024 ஒக்டோபர் 20

மழை இறங்கத் தொடங்கிவிட்டது. எங்கள் மைதானம் இன்னும் கொஞ்ச நாளில் தண்ணிக்குள் போய்விடும், பிறகு தை மாதம் வரை சேறுதான். மழைக்குள் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

சீமெந்துத் தரை எங்கே இருந்தாலும் பிடியுங்கள்: வலைப்பந்துத் தளம், பொதுநோக்கு மண்டபம், நெல் காயவிடுகிற தளம். அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, தளம் சும்மாதான் கிடக்கும், கேட்டால் தருவார்கள். ஃபுட்சால் ஆடுங்கள். 1930இல் மொண்டேவிடேயோவில் ஓர் ஆசிரியர் மண்டபத்துக்குள் ஆடுவதற்காக உருவாக்கிய ஆட்டம் அது. அணிக்கு ஐந்து பேர். பந்து சின்னது, துள்ளல் குறைவு, 2 மீற்றர் உயரத்தில் இருந்து விட்டால் முதல் துள்ளல் 65 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. அந்தப் பந்து வாங்க வசதி இல்லாவிட்டால் நாலாம் இலக்கப் பந்தில் காற்றை இறக்கிவிடுங்கள். ஈரச் சீமெந்தில் சப்பாத்து வழுக்கும், கவனம்.

தம்பி, உங்கள் பெடியளையும் எங்கள் பெடியளையும் மைதானம் தண்ணிக்குள் போகுமுன் ஒருமுறை ஆடவிடுவோம். அணிக்கு ஏழு பேர், 45க்கு 30. கோல்கீப்பர் கட்டாயம் காலால் தொடங்க வேண்டும், தகப்பன்மார் கோட்டில் இருந்து பத்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். நாங்கள் அங்கே வரலாம், வான் ஒழுங்குபடுத்திவிட்டேன். எந்த ஞாயிறு வசதி?